விபத்து நடக்கக்கூடிய உலகில் சோதியுங்கள்: தானியங்கி, இணைப்பு வாகனங்களுக்கான சிமுலேஷன் – முழுமையான வழிகாட்டி

சுமோ (SUMO) என்ற, சாலைப் போக்குவரத்தைக் கணினியில் போலச்செய்து காட்டும் மென்பொருளை நிறுவி, இரண்டு தடங்கள் கொண்ட ஒரு நெடுஞ்சாலையை வரைந்து, ஆயிரம் வண்டிகளை ஓடவிடுங்கள். பாதி வண்டிகளுக்குத் தானியங்கி என்று பெயர் வையுங்கள். அநேகமாக ஒரு மோதல்கூட நடக்காது. அந்தச் சுழியத்தை அட்டவணையில் எழுதி, தானியங்கி வண்டி பாதுகாப்பானது என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. சுமோவில் இயல்பாக அமைந்திருக்கும் கிராஸ் என்ற பின்தொடர்தல் மாதிரி, முன்வண்டி எந்தக் கணத்தில் நின்றாலும் பின்வண்டி மோதாமல் நிற்கக்கூடிய வேகத்தையே தேர்ந்தெடுக்கும்படி எழுதப்பட்டது. மோதலைத் தடுத்தது அந்தச் சூத்திரம். சோதனைக்கு வந்த மென்பொருள் அங்கே சோதிக்கப்படவே இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு கருவியைத் தொடும்போதும் ஒரே கேள்வியைக் கேட்கப் போகிறோம்: எந்தத் தவற்றை இந்தக் கருவியால் காட்டவே முடியாது? எடுத்துக்காட்டும் ஒன்றுதான். நெடுஞ்சாலையில் நம் தானியங்கி கார் போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்துத் தடத்திலிருந்து மெதுவான கார் ஒன்று முன்னால் நுழைகிறது.

சாலையிலேயே ஓட்டிச் சோதித்தால் என்ன? ராண்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்குப் போட்டுக் காட்டியது. அமெரிக்காவில் 10 கோடி மைலுக்கு 1.09 உயிரிழப்பு என்பது அப்போதைய விகிதம். தானியங்கி வண்டி அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஓர் உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும். 100 கார்கள் மணிக்கு சராசரி 25 மைல் வேகத்தில் இரவும் பகலும் ஓடினால் 12.5 ஆண்டுகள். நடுவில் மென்பொருளை மாற்றினால் பழைய ஓட்டம் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்ற கேள்வி மறுபடி எழும். சிமுலேஷனைத் தவிர்க்க வழியில்லை. அதனால்தான் அதை நேர்மையாகச் செய்ய வேண்டும்.

முதல் படி: கேள்வியை எண்களோடு எழுதுங்கள்

"பாதுகாப்பாக ஓடுகிறதா" என்பது சோதிக்கக்கூடிய கேள்வி அல்ல. எண்கள் வேண்டும். நம் எடுத்துக்காட்டுக்கு அவை ஏற்கனவே சட்டமாகவே கிடைக்கின்றன. ஐ.நா. ஒழுங்குமுறை 157, தடத்தைத் தானே காத்து ஓடும் அமைப்புகளுக்கானது. 2020 ஜூனில் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். பிறகு வந்த திருத்தம் 2023 ஜனவரியிலிருந்து அதை 130 ஆக்கியது. மெர்சிடிஸ் பென்ஸின் டிரைவ் பைலட் 2021 டிசம்பரில் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றது இந்த ஒழுங்குமுறையின் கீழ்தான்.

குறுக்கே நுழையும் காருக்கு இது வகுக்கும் எல்லை எளிமையானது. நுழையும் காரின் முன்சக்கரம் தடக்கோட்டைத் தாண்டி 0.3 மீட்டர் உள்ளே வந்த கணத்தில், மோதலுக்கு எத்தனை வினாடி மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கார்களின் வேக வித்தியாசத்தை, வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கில், 12ஆல் வகுத்து 0.35 கூட்டுங்கள். மிஞ்சிய நேரம் அதைவிட அதிகம் என்றால் தானியங்கி கார் மோதக் கூடாது. நுழையும் காரின் பக்கவாட்டு அசைவு அதற்கு முன் குறைந்தது 0.72 வினாடி கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு.

12 என்பது, 6 மீட்டர்/வினாடி² என்ற பிரேக் வலிமையின் இரு மடங்கு. 0.35 என்பது பிரேக் பிடிக்கும்வரை கழியும் வினாடி. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். நம் கார் 60, நுழையும் கார் 40. வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5.56 மீட்டர். 12ஆல் வகுத்தால் 0.46; 0.35 சேர்த்தால் 0.81 வினாடி. தூரமாகச் சொன்னால் சுமார் 4.5 மீட்டர். இந்த 0.81, 4.5 என்ற இரண்டு எண்களையும் தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் படிவரை இவை தேவைப்படும்.

இரண்டாம் படி: எந்தக் கருவி, எந்த அடுக்குக்கு

எல்லாவற்றையும் செய்யும் ஒரே சிமுலேட்டர் இல்லை. ஊரளவு போக்குவரத்துக்கு சுமோ. ஜெர்மன் விண்வெளி மையம் வளர்த்துவரும், 2001இலிருந்து கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். ஒரு குறிப்பிட்ட காட்சியைச் சூழ்நிலைக் கோப்பிலிருந்து படித்து ஓட்ட எஸ்மினி. எடை குறைந்தது, கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியிலும் ஓடும். கேமரா, லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்), ரேடார் வரை போக வேண்டுமென்றால் கார்லா. பார்சிலோனாவின் கணினிப் பார்வை மையமும் இன்டெல், டொயோட்டா ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்டது, கணினி விளையாட்டுகளுக்கான அன்ரியல் எஞ்சின் மேல் கட்டப்பட்டது. வண்டிகள் ரேடியோவில் பேசிக்கொள்வதைச் சோதிக்க வெய்ன்ஸ். இது ஆம்நெட்++ என்ற வலையமைப்பு சிமுலேட்டரையும் சுமோவையும் இணைக்கிறது. பல சிமுலேட்டர்களை ஒரே கடிகாரத்தில் பிணைக்க எக்லிப்ஸ் மொசைக். கார் தொழிற்சாலைகளில் கார்மேக்கர், டிஸ்பேஸ், விசிம் போன்ற கட்டணக் கருவிகளைப் பார்ப்பீர்கள். வண்டியின் இயக்க மாதிரிகளில் அவற்றின் துல்லியத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள அவை தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. எல்.ஜி. நிறுவனத்தின் எஸ்.வி.எல். சிமுலேட்டரைப் பல ஆய்வுக்குழுக்கள் நம்பியிருந்தன. 2022 ஜனவரியோடு அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. கருவி போகலாம், உங்கள் உழைப்பு போகக் கூடாது. சாலையை ஓப்பன் டிரைவ் வடிவத்திலும் சூழ்நிலையை ஓப்பன் சினாரியோ வடிவத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ASAM என்ற தரநிர்ணய அமைப்பு பராமரிக்கும் இந்த இரண்டு பொதுத் தரங்களையும் கார்லா, எஸ்மினி இரண்டும் படிக்கும்.

மூன்றாம் படி: சுமோவை நேர்மையாக்குதல்

சுமோவின் சாலை வரையும் கருவியான நெட்எடிட்டில் இரண்டு தடங்களோடு 3 கிலோமீட்டர் நேர்ச்சாலை வரையுங்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து உண்மையான ஊரை இறக்கும் வசதியும் உண்டு. ஆனால் அப்படி வரும் சந்திப்புகளில் ஒரே சிக்னல் நான்காக உடைந்து கிடக்கும், சேரும் சாலைகளில் தட எண்ணிக்கை தவறாக இருக்கும். அவற்றைக் கையால் திருத்தவே நாட்கள் போகும். முதல் சோதனைக்கு நேர்ச்சாலை போதும். இந்தியா, இலங்கை, ஜப்பான் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு, சாலை வலையமைப்பை உருவாக்கும்போதே, அதற்கான சுமோ கருவியான நெட்கன்வர்ட்டில் இடக்கை விருப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இனி அமைப்புகள். நான் மிக அதிகமாக வற்புறுத்துவது இந்தப் பகுதியைத்தான்.

காலப்படி முதலில், அதாவது சிமுலேட்டர் ஒவ்வொரு தடவையும் காலத்தை எவ்வளவு முன்னே நகர்த்துகிறது என்பது. சுமோவின் இயல்பான காலப்படி 1 வினாடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு படிக்குள் கார் 16.7 மீட்டர் தாண்டிவிடும். நம் கேள்வியின் எல்லையோ 0.81 வினாடி! கேள்வி முழுவதும் ஒரே படிக்குள் விழுந்து மறைந்துவிடுகிறது. காலப்படியை 0.05 வினாடியாகக் குறையுங்கள்.

அடுத்தது தடம் மாறும் விதம். சுமோவில் தடமாற்றம் இயல்பாக ஒரே படியில் நடந்து முடியும்: இந்தக் கணம் பக்கத்துத் தடம், அடுத்த கணம் நம் தடத்தின் நடுவில். சக்கரம் கோட்டைத் தாண்டி 0.3 மீட்டர் வந்த கணம் என்று அங்கே ஒன்று கிடையாது. தடமாற்றத்துக்கு இத்தனை வினாடி என்று கொடுக்கலாம். அல்லது பக்கவாட்டுத் துல்லியத்தை அமைத்து, ஒரு தடத்தைப் பல கீற்றுகளாகப் பிரிக்கும் துணைத்தட மாதிரிக்கு மாறலாம். நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். இரு சக்கர வண்டியும் ஆட்டோவும் பஸ்ஸும் ஒரே தடத்தில் தோளோடு தோள் உரசிப் போகும் நம் ஊர்ச் சாலைகளை சுமோவில் ஓரளவாவது காட்ட இந்த மாதிரி இல்லாமல் முடியாது.

மூன்றாவது, மோதல் நடந்தால் என்ன ஆகும் என்பது. இயல்பான அமைப்பில் சுமோ மோதிய வண்டியைத் தூக்கி வழியில் வேறோர் இடத்தில் வைத்துவிடும். இதற்கு டெலிபோர்ட் என்று பெயர். 300 வினாடி அசையாமல் நிற்கும் வண்டிக்கும் இதே கதிதான். ஓட்டம் தடையின்றித் தொடரும், சராசரி வேகம் அழகாக வரும். நடந்தது எச்சரிக்கை வரிகளில் மட்டும் இருக்கும். மோதல் நடவடிக்கையை "எச்சரி" என்றும் டெலிபோர்ட் நேரத்தை −1 என்றும் மாற்றுங்கள். எச்சரிக்கை வரிகளைக் கோப்பில் சேமித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் படியுங்கள். வாரக்கணக்கில் ஓட்டிச் சேர்த்த முடிவுகளை இந்த வரிகளைப் பார்த்த பிறகு தூக்கிப் போட நேர்ந்தவன் நான்.

கடைசியாக, பாதுகாப்புப் பூட்டுகளைத் திறக்க வேண்டும். டிராசி என்ற இணைப்பு வழியாகப் பைதான் நிரலிலிருந்து வண்டிகளைக் கட்டுப்படுத்தலாம். நீங்கள் ஆபத்தான வேகத்தைக் கொடுத்தாலும் சுமோ தன் பாதுகாப்பு வேகத்துக்குக் குறைத்துவிடும். நுழையும் காருக்கு இந்தக் குறைப்பை ஆளும் வேகமுறை (speed mode) என்ற அமைப்பை 0 ஆக்கினால்தான் சொன்னபடி கேட்கும். தடமாற்ற முறைக்கும் அப்படியே. சோதனைக்குரிய காரை உங்கள் சொந்தக் கட்டுப்பாட்டு நிரல் ஓட்டுகிறதென்றால் அதற்கும் இதையே செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் நிரலின் தவற்றை சுமோ திருத்திக்கொண்டே இருக்கும். பிரேக் அளவையும் பாருங்கள்: சாதாரணக் காருக்கு சுமோ வைத்திருப்பது 4.5 மீட்டர்/வினாடி², நம் கேள்விக்கு வேண்டியது 6.

அளப்பதற்கு எஸ்.எஸ்.எம். என்ற சுமோவின் அளவீட்டுக் கருவியை, சிமுலேஷனுக்குள் இருக்கும் காரில் பொருத்துங்கள். மோதலுக்கு மிஞ்சிய நேரத்தையும் தவிர்க்கத் தேவைப்பட்ட பிரேக் அளவையும் இரு வண்டிகள் நெருங்கும் ஒவ்வொரு தடவைக்கும் அது எழுதித் தரும்.

நான்காம் படி: ஒரு காட்சியை ஆயிரமாகப் பெருக்குதல்

ஜெர்மனியின் பெகாசஸ் திட்டம் பரவலாக்கிய ஒரு பாகுபாடு இங்கே உதவும். முதலில் காட்சியை வார்த்தையில் சொல்வது: "மெதுவான கார் குறுக்கே நுழைகிறது." பிறகு அதன் அளவுகளுக்கு எல்லை வகுப்பது: நம் வேகம் மணிக்கு 20 முதல் 60 கிலோமீட்டர், வேக வித்தியாசம் 5 முதல் 50 கிலோமீட்டர், இடைவெளி 2 முதல் 40 மீட்டர், நுழையும் பக்கவாட்டு வேகம். கடைசியில் அந்த எல்லைக்குள் ஒவ்வோர் எண்ணாகப் பொறுக்கி ஓட்டுவது.

எல்லைகளை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஹைடி தரவுத்தொகுப்பில், ஜெர்மன் நெடுஞ்சாலைகளை டிரோனிலிருந்து படம்பிடித்து எடுத்த 1,10,500 வண்டிகளின் பாதைகள் இருக்கின்றன. உண்மையில் மனிதர்கள் எவ்வளவு இடைவெளியில், எந்த வேகத்தில் நுழைகிறார்கள் என்பதை அதிலிருந்தே எடுக்கலாம். ஆனால் அந்தச் சாலைகளின் பழக்கம் வேறு, நம் சாலைகளின் பழக்கம் வேறு. அங்கே அளந்த எண்களை வைத்து சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடப்போகும் காருக்குச் சான்று கொடுக்க முடியாது.

9 வேகங்கள், 10 வித்தியாசங்கள், 20 இடைவெளிகள், 5 பக்கவாட்டு வேகங்கள் என்று எடுத்தால் 9,000 ஓட்டங்கள். ஒவ்வொன்றும் 15 வினாடி என்றால் 37.5 மணி நேரம். எஸ்மினியைப் படம் வரையாமல் ஓடவிட்டால் இதை உண்மை நேரத்தைவிட வெகு வேகமாக முடித்துவிடும். ஒழுங்குமுறை 157க்கான ஓப்பன் சினாரியோ கோப்புகள் திறந்த வெளியீடாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து எண்களை மட்டும் மாற்றித் தொடங்குவதே நல்லது.

முடிவுகளை ஒரு படமாக வரையுங்கள்: ஓர் அச்சில் வேக வித்தியாசம், மற்றதில் இடைவெளி; மோதாத ஓட்டம் பச்சைப் புள்ளி, மோதியது சிவப்பு. பச்சையும் சிவப்பும் சந்திக்கும் கோடு உங்களுக்குக் கிடைக்கும். உள்ளே ஆழமாகப் பச்சையாக இருக்கும் இடங்களை விட்டுவிடுங்கள். அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தக் கோட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் சில நூறு ஓட்டங்கள்தான்.

ஐந்தாம் படி: கார்லாவில் கண்களைச் சோதித்தல்

இதுவரை நம் காருக்கு எதிரே இருப்பது கார் என்று சிமுலேட்டரே சொல்லிக்கொண்டிருந்தது. நிஜத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி மோதி அவர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, சென்சார்கள் அவரை மோதலுக்கு 5.6 வினாடி முன்பே கண்டுவிட்டன என்று காட்டியது. வண்டி, வேறு பொருள், சைக்கிள் என்று அமைப்பு வகையை மாற்றிக்கொண்டே இருந்தது. வகை மாறும்போதெல்லாம் முந்தைய நகர்வின் தடயம் கைவிடப்பட்டதால் அவர் எங்கே போகிறார் என்பது கணக்கில் சேரவில்லை. பொருளின் பெயரைச் சிமுலேட்டரே கொடுக்கும் எந்தச் சோதனையிலும் இந்தத் தவறு தெரிந்திருக்காது.

அதற்காகத்தான் கார்லா. 8 ஜி.பி. நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் அட்டை இருக்கட்டும். தொகுக்கப்பட்ட பதிப்பையே இறக்கிக்கொள்ளுங்கள், மூலத்திலிருந்து கட்டத் தேவையில்லை. முதல் வேலை ஒத்திசைவு முறைக்கு மாற்றுவது. இயல்பான முறையில் சர்வர் தன் போக்கில் ஓடும், உங்கள் நிரல் பின்தங்கினால் நடுவில் படங்கள் தவறும், வேகமான கணினியில் தேறிய கார் மெதுவான கணினியில் மோதும். நிலையான காலப்படி 0.05 வினாடி என்று வைத்து, ஒவ்வொரு படியையும் உங்கள் நிரலே நகர்த்தட்டும். மற்ற வண்டிகளை ஓட்டும் போக்குவரத்து மேலாளரையும் ஒத்திசைவில் வைத்து, அதற்கு விதை எண் (தற்செயல் எண்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்) கொடுங்கள். நிரல் முடியும்போது பழைய முறைக்குத் திருப்ப மறந்தால் சர்வர் அடுத்த கட்டளைக்காக உறைந்து நிற்கும். பழுது என்று எண்ணி மீண்டும் நிறுவ வேண்டாம்.

கார்லாவால் காட்ட முடியாதது எது? மழையை இயக்கினால் திரையில் சாலை நனையும், கேமராப் படம் மங்கும். சாலையின் பிடிப்பு மட்டும் துளியும் குறையாது, ஏனென்றால் அங்கே வானிலை வெறும் காட்சி, இயற்பியலைத் தொடுவதில்லை. மழைச் சோதனை என்று சொல்ல வேண்டுமானால் டயர் உராய்வை நீங்களே தனியாகக் குறைக்க வேண்டும். இந்த ஒன்றை அறியாமல் "மழையிலும் பிரேக் தூரம் மாறவில்லை" என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: வண்டிகள் பேசத் தொடங்கும்போது

நுழையப்போகும் கார் "நான் வருகிறேன்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டால் 0.81 வினாடி நெருக்கடி தளருமே? தளரும், செய்தி வந்து சேர்ந்தால். ரேடியோவை முதலில் முடிவு செய்யுங்கள். ஐரோப்பாவில் வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த 802.11p அடிப்படையிலான முறை சாலையில் இருக்கிறது. அமெரிக்கா 2020இல் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பிரித்து, மேற்பகுதியின் 30 மெகாஹெர்ட்ஸை செல்பேசித் தொழில்நுட்ப முறைக்கு ஒதுக்கியது. வெய்ன்ஸ் முதல் முறைக்கே எழுதப்பட்டது.

பலரும் ஒவ்வொரு காரும் வினாடிக்கு 10 முறை செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பியத் தரம் அப்படி இல்லை. கார் 4 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும், அல்லது திசை 4 பாகை திரும்பியிருக்க வேண்டும், அல்லது வேகம் வினாடிக்கு அரை மீட்டர் மாறியிருக்க வேண்டும்; எதுவும் இல்லையென்றால் வினாடிக்கு ஒன்று. மணிக்கு 40 கிலோமீட்டரில் சீராக வரும் கார் 4 மீட்டர் நகர 0.36 வினாடி ஆகும். 0.1 வினாடிக்கு ஒருமுறை சரிபார்த்தால் செய்திகளுக்கிடையே 0.4 வினாடி. ஒரே ஒரு செய்தி தொலைந்தால் 0.8 வினாடி மௌனம். நம் எல்லை எவ்வளவு? 0.81. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, எல்லாச் செய்தியும் தவறாமல் சேரும் என்று வைத்துக்கொண்டு சோதனை நடத்த யாருக்கும் மனம் வராது. நடுவில் லாரி நின்று அலையை மறைப்பதையும், நெரிசலில் நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்வதையும் மாதிரியில் சேருங்கள்.

ஏழாம் படி: எண்ணுதல்

சுமோவின் இயல்பான விதை எண் 23423. அதை மாற்றாமல் நூறு முறை ஓட்டினால் அது நூறு சோதனை ஆகாது, ஒரே சோதனையின் நூறு பிரதி. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வேறு விதை கொடுத்து, அதைப் பதிவும் செய்யுங்கள்.

தற்செயலாகப் பொறுக்கிய ஓட்டங்களில் தோல்வி சுழியம் என்றால், 3ஐ ஓட்ட எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான தோல்வி வீதம் அதற்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். ராண்ட் சொன்ன 27.5 கோடி மைலும் இதே விதியில்தான் வருகிறது: 3ஐ 1.09ஆல் வகுத்து 10 கோடியால் பெருக்கிப் பாருங்கள். ஆனால் நான்காம் படியில் வரிசையாக அடுக்கிய 9,000 ஓட்டங்களுக்கு இந்த விதியைப் பொருத்தக் கூடாது. அவை சாலையில் நடக்கும் விகிதத்தில் எடுத்தவை அல்ல.

கடைசிப் படி: பிழையை நீங்களே நட்டுப் பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022/1426 விதி, சிமுலேஷன் முடிவுகளைச் சான்றாகக் கொண்டுவருபவரிடம் கருவிகளின் நம்பகத்தன்மையையும் நிறுவச் சொல்கிறது. வாகனச் சோதனைக்கான ஓடுதளத்தில் உண்மைக் காரை ஓட்டி ஒப்பிடுவது அதன் முக்கியப் பகுதி. ஓடுதளம் கைக்கெட்டாதவர்களும் இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

உங்கள் காரின் பிரேக் தாமதத்தை 0.35 வினாடியிலிருந்து 0.8 ஆக வேண்டுமென்றே கெடுங்கள். 60க்கும் 40க்கும் இடையிலான அதே காட்சி. பிரேக் பிடித்து வித்தியாசத்தைக் கரைக்க 2.6 மீட்டர், தாமதத்தில் கழியும் 4.4 மீட்டர், ஆக 7 மீட்டர் வேண்டும். முன்பு 4.5 மீட்டரில் இருந்த சிவப்புக் கோடு இப்போது 7 மீட்டருக்கு நகர்ந்திருக்க வேண்டும். 5.5 மீட்டர் இடைவெளியில் ஓட்டிப் பாருங்கள். கார் மோதினால் உங்கள் சோதனைக்கூடம் வேலை செய்கிறது. மோதவில்லை என்றால் உங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று அந்தக் காரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது: மூடியே இருக்கும் வேகமுறை, 1 வினாடியாகவே விட்டுப்போன காலப்படி, 6க்கு மேல் பிடிக்கும் அவசர பிரேக். அதைக் கண்டுபிடித்து நீக்கும்வரை, முன்பு வந்த பச்சைப் புள்ளிகளில் ஒன்றையும் அறிக்கையில் சேர்க்காதீர்கள்.